மந்திரக் கயிறும் கழுத்துப் பட்டையும்

நாயைக் கண்டால் நாலு தெரு சுற்றிச் செல்வது நம் வழக்கம். வழக்கம் என்பதைவிட, வழக்கமாக இருந்தது என்று கூறுவதே பொருந்தும். அதை மாற்றியது வீரச் செயல் எதுவும் அன்று. மாஸ்கோ நகரில், ஐந்து மாடிக் கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில், முதிய அம்மையார் ஒருவரின் இல்லத்தில் நாம் கழித்த பத்துத் திங்கள் வாழ்க்கைதான்!

கல்லூரியிலே கலைப்பட்டம் பெற்ற கையோடு, 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில், ரஷ்ய மொழி பயிலும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. டால்ஸ்டாயையும் கார்க்கியையும் தமிழாக்கத்திலே படித்துப் பழகிய உள்ளம் துள்ளிக் குதித்தது. பனி எப்படியிருக்கும், பாதாள ரயில் எப்படியிருக்கும், நூல்களிலே கண்ட அந்த நகரம் நேரிலே எப்படியிருக்கும் என்றெல்லாம் எண்ணமிட்டபடி சென்றோம். அம்மையார் கதவைத் திறந்தார். அவர் முகத்தை நாம் பார்க்குமுன்பே, அவர் காலருகே நின்ற உருவத்தைப் பார்த்துவிட்டோம். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மறு காது மடிந்தும் நின்றது, கண்கள் நம்மையே நோக்கின. பெட்டியைப் போட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்கி ஓடினோம்!

சிரிப்பீர்கள், தோழர்களே! பகுத்தறிவு பேசுபவனுக்கு நாயிடம் இத்தனை அச்சமா என்று கேட்பீர்கள். அந்த அச்சத்துக்கு ஒரு கதை உண்டு. அது சிரிப்பதற்குரிய கதை அன்று.

2006-ஆம் ஆண்டு. நமக்கு வயது எட்டு. பள்ளிவிட்டு வரும் வழியில், நம்மையும் அடுத்த தெருத் தோழனையும் ஒரே நாய், ஒரே மாலைப்பொழுதில் கடித்தது. இரு வீட்டாரும் ஒரே இடத்துக்கு ஓடினர். மருத்துவமனைக்கா? இல்லை, மந்திரிப்பவரிடம்! அவர் வேப்பிலையால் வீசினார், முணுமுணுத்தார், மிளகாயை அரைத்துக் காயத்திலே பூசச் சொன்னார், கறுப்புக் கயிறொன்றை இருவர் கையிலும் கட்டினார். “இனி ஒன்றும் ஆகாது” என்றார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்ற அச்சம் வேறு நம் பாட்டியாரை மருத்துவமனைப் பக்கம் போகவிடாமல் தடுத்தது. அந்தப் பழைய ஊசி அதற்குமுன்பே நம் நாட்டில் ஒழிந்துபோய், கையிலே போடும் புதிய ஊசி வந்துவிட்டது என்பதை அவருக்கு எடுத்துரைப்பார் எவருமில்லை.

மறுநாள் வகுப்பிலே நம் ஆசிரியை கயிற்றைக் கண்டார், காரணம் கேட்டார். கேட்டதும் வேறெதுவும் பேசவில்லை. நம்மை மிதிவண்டியின் பின்னே அமர்த்திக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரைந்தார். தோழன் வேறு பள்ளியிலே படித்தவன். அங்கே அவன் கயிற்றை எவரும் கவனிக்கவில்லை. சில கிழமைகள் கழிந்தன. அவனுக்குக் காய்ச்சல் கண்டது. தண்ணீர்க் குவளையைக் கண்டு அலறினான். “பேய் பிடித்துவிட்டது” என்றனர் ஊரார். பேயல்ல, வெறிநாய்க்கடி நோய்! அறிகுறி தோன்றியபின் அந்நோய் வந்தவரைக் காப்பது ஏறத்தாழ இயலாத செயல். அவன் இறந்தான். கயிறு அவன் கையிலே இருந்தது. நாம் பிழைத்தோம். நமக்கும் அவனுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஓர் ஆசிரியையின் மிதிவண்டி, அவ்வளவே!

அன்று தொடங்கியது அச்சம். நாய் என்றால் சாவு. நமக்கு வாய்த்த அகராதியிலே அதற்கு வேறு பொருளே இல்லை.

மாஸ்கோவுக்குத் திரும்புவோம். படிக்கட்டில் நின்ற நம்மை அம்மையார் அழைத்தார். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை அவர். ஒருவரது பெயரோடு தந்தையின் பெயரையும் சேர்த்து அழைப்பதே ரஷ்யர் வழக்கிலே மரியாதை. அவ்வாறே அவரை இறுதிவரை அழைத்தோம். அவர் நாயை உள்ளறையிலே விட்டுக் கதவைச் சாத்தினார். “சினோக்” என்றார், மகனே என்று பொருள். பிறகு மேசை அறையிலிருந்து நீலநிறச் சிற்றேடு ஒன்றை எடுத்து நம் கையிலே தந்தார். கடவுச்சீட்டு! அம்மையாருடையது அன்று, நாயினுடையது! பெயர் ஷாரிக், சிறு உருண்டை என்று பொருள். ஆண்டுதோறும் போடப்பட்ட வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் சீட்டு, நாள், மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, எல்லாம் வரிசையாக இருந்தன. நாய்க்கும் பூனைக்கும் இந்த ஊசி அந்நாட்டிலே கட்டாயம். அரசு கால்நடை நிலையங்களிலே கட்டணமின்றிப் போடுகின்றனர்.

அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். நம் தோழனைக் கடித்த நாய்க்கு இப்படியோர் ஏடு இருந்திருந்தால்...?

நம் கதையைத் திக்கித் திணறி அரைகுறை ரஷ்ய மொழியிலே சொன்னோம். அம்மையார் கேட்டார். அழவுமில்லை, ஆறுதல் மொழிகளை அடுக்கவுமில்லை. ஆசிரியையல்லவா, பாடம் நடத்தினார். 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தமது தடுப்பூசியைப் போட்டு உயிர் காத்தார். செய்தி பரவியது. மறு ஆண்டு, ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் பகுதியிலே வெறிகொண்ட ஓநாய் ஒன்று 19 பேரைக் கடித்துக் குதறியது. அவர்கள் வீட்டிலே கிடந்து விதியை நொந்துகொள்ளவில்லை. பாரிசுக்குப் புறப்பட்டனர்! மொழி தெரியாது; ஊர் தெரியாது; பாஸ்டர் என்ற பெயர் மட்டும் தெரியும். 16 பேர் உயிர் பிழைத்தனர்.

“உன்னைக் காத்த ஊசியும் அந்த வழியிலே வந்ததுதான்” என்றார் அம்மையார். உண்மை! 1907-ஆம் ஆண்டு நம் நீலகிரியின் குன்னூரிலே அமைந்த பாஸ்டர் நிலையம், தென்னாட்டு மக்களுக்கு இத் தடுப்பு மருந்தைத் தருவதற்காகவே தோன்றியது. பாரிசும் ஸ்மொலென்ஸ்கும் குன்னூரும் ஒரே கயிற்றிலே கோக்கப்பட்ட ஊர்கள் என்பதை மாஸ்கோவிலே அமர்ந்து உணர்ந்தோம். இது மந்திரித்த கயிறன்று. மனித அறிவு திரித்த கயிறு!

அறிவு தெளிந்துவிட்டது. உடல் தெளிய நாளாயிற்று. ஒரு திங்கள் வரை, ஷாரிக் கூடத்துக்கு வந்தால் நாம் அறைக்குப் போவோம். மாற்றம் குளிர்காலத்தோடு வந்தது.

மாஸ்கோவின் குளிர்காலத்திலே நாய்களைப் பார்க்கவேண்டுமே! மேலங்கி அணிந்த நாய். நான்கு கால்களுக்கும் காலணி பூண்ட நாய்! முதலில் நகைத்தோம், செல்வச் செருக்கு என்று நினைத்தோம். பிறகே காரணம் புரிந்தது. நடைபாதைப் பனியை உருக்குவதற்காக உப்பும் வேறு வேதிப்பொருள்களும் தூவுகின்றனர்; அவை நாயின் பாதங்களைப் புண்ணாக்கும். காலணி அணிய மறுக்கும் நாய்களுக்கு, உலவிவிட்டு வந்ததும் வெந்நீரிலே கால் கழுவிவிடுவர். ஷாரிக் காலணியை வெறுத்தவன். காலையும் மாலையும் வாசலிலே ஒரு வாளி, ஒரு துணி, நான்கு பாதங்கள். அம்மையார் குனிந்து கழுவுவார்.

சனவரித் திங்களில் ஒருநாள் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை. நாயோ வாசலிலே நின்று ஒரு காலைத் தூக்கியபடி நம்மைப் பார்த்தது. என்ன செய்வது? வாளியை எடுத்தோம். கை நடுங்கியது. முதற் பாதத்தைத் தொட்டோம். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதைத் தானே நீட்டியது! மனிதர் ஒருவரின் காலைக் கழுவி, அந்நீரைத் தலையிலே தெளித்துப் புண்ணியம் தேடும் காட்சியை நம் ஊரிலே கண்டிருக்கிறோம். புண்ணியம் எதுவும் தராத, உப்பை மட்டுமே போக்கும் இந்தக் கால்கழுவல் நம் உள்ளத்துக்கு எவ்வளவோ மேலானதாகத் தோன்றியது.

ஷாரிக் விலைக்கு வாங்கப்பட்ட நாயன்று. மாஸ்கோ மக்களிற் பலர் கோடையிலே நகருக்கு வெளியே உள்ள ‘தாச்சா’ எனும் தோட்ட வீடுகளுக்குச் செல்வர். குழந்தைகள் விளையாடுவதற்காக நாய்க்குட்டி ஒன்றைச் சேர்த்துக்கொள்வர். இலையுதிர் காலம் வந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நகருக்குத் திரும்புவர். குட்டி? அது குளிரிலே, பூட்டிய கதவின் முன்னே! அப்படிக் கைவிடப்பட்டு, சிற்றூர் ரயில் நிலையமொன்றிலே நடுங்கிக் கிடந்தவன்தான் ஷாரிக். ஆகவே, ரஷ்யர் அனைவரும் கருணைக் கடல்கள் என்று நாம் எழுதமாட்டோம். கைவிடுவோரும் அந்நாட்டினரே, கண்டெடுப்போரும் அந்நாட்டினரே.

இதற்குச் சான்றாக ஒரு சிலையே நிற்கிறது. மெந்தெலேயெவ்ஸ்கயா என்னும் பாதாள ரயில் நிலையத்திலே ‘மால்ச்சிக்’ என்ற தெருநாய் வாழ்ந்துவந்தது. சிறுவன் என்று அச்சொல்லுக்குப் பொருள். 2001-ஆம் ஆண்டு ஓர் இளம்பெண் அதைக் கத்தியாற் குத்திக் கொன்றாள். நகரம் அதிர்ந்தது. 2007-இல் அதே நிலையத்திலே, காதைச் சொறிந்துகொண்டு அமர்ந்திருக்கும் நாயின் வெண்கலச் சிலையை நிறுவினர். சிலைக்கு இட்ட பெயர் ‘பரிவு’. மன்னனுக்கன்று, மகானுக்கன்று, கேட்பாரற்ற தெருநாய்க்குச் சிலை! வழிபாட்டுக்காக அன்று, வெட்கத்தை மறவாதிருப்பதற்காக!

மற்றொரு வெண்கல நாயைப் பற்றியும் கூறவேண்டும். அதிலே நம் வெட்கமும் கலந்திருக்கிறது. 1938-இல் திறக்கப்பட்ட புரட்சிச் சதுக்க நிலையத்திலே சிற்பி மனீசர் படைத்த வெண்கல உருவங்கள் வரிசையாக உள்ளன: தொழிலாளர், உழவர், மாணவர், போர்வீரர். அவற்றுள் எல்லைக் காவலர் ஒருவரும் அவர் நாயும். நாயின் மூக்கு மட்டும் பொன்போல் மின்னுகிறது! தொட்டால் நல்லது நடக்கும் என்று நாள்தோறும் ஆயிரக்கணக்கான கைகள் தேய்த்துத் தேய்த்து வந்த மின்னல் அது. தேர்வுக்குச் செல்லும் மாணவர் தவறாது தொடுவர். விண்வெளிக்கு முதல் மனிதனை அனுப்பிய நாட்டின் தலைநகரிலே மூக்கைத் தொட்டு வரம் கேட்கிறார்கள் என்று எள்ளி நகையாடினோம். நம் இறுதித் தேர்வு வந்தது. அந்த நிலையத்தின் வழியே சென்றோம். கூட்டம் நெருக்கியது. தோழர்களே, ஒளிக்காமல் உரைக்கிறோம்: நம் கை நீண்டது, மூக்கைத் தொட்டது!

மாலையிலே அம்மையாரிடம் தலைகுனிந்து சொன்னோம். “தேர்வுக்குப் படித்தாயா?” என்றார். படித்ததாகச் சொன்னோம். “பின் அந்த ஏழை நாயின் தலையில் ஏன் உன் சுமையை ஏற்றினாய்?” என்று கேட்டுவிட்டு, ஷாரிக்குக்குக் கஞ்சி கிளறப் போய்விட்டார். மூடநம்பிக்கை பிறருடைய நோய் என்று எண்ணியிருந்தோம். அச்சம் வந்தால் அது எவர் கையையும் நீட்டவைக்கும் என்பதை அன்று கற்றோம். நம் பாட்டியாரின் மேலிருந்த சினமும் அன்றுதான் சற்றுத் தணிந்தது.

அறிவியலிடமும் கேட்கவேண்டிய கேள்வி உண்டு. மாஸ்கோத் தெருவிலே பிடிக்கப்பட்ட லைக்கா என்ற நாயை 1957-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் ஸ்பூட்னிக்-2 கலத்தில் ஏற்றி விண்ணுக்கு அனுப்பினர். உலகு வியந்தது. திரும்பி வருவதற்கான ஏற்பாடு மட்டும் அக்கலத்திலே இல்லை. சில மணி நேரத்திலேயே வெப்பம் தாளாமல் அது இறந்துவிட்டது என்ற செய்தி 2002-இல்தான் வெளிப்பட்டது. அப்பணியிலே பங்குகொண்ட அறிஞர் ஓலெக் கசென்கோ, 1998-இல், அந்த உயிரைப் பலிகொடுத்தது தகும் என்று கூறுமளவுக்கு அதனால் தாங்கள் எதையும் கற்கவில்லை என்று வருந்தினார். வருந்தும் துணிவு அறிவியலுக்கு உண்டு. கயிறு கட்டியவர் நம் தோழனுக்காக வருந்தியதாக நாம் கேள்விப்படவில்லை.

நமக்கு மொழி பயிற்றுவிக்க அம்மையார் தேர்ந்தெடுத்த கதை துர்கேனிவ் எழுதிய ‘முமு’. 1854-இல் வெளிவந்தது, ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் கதை. பண்ணையடிமை கெராசிம், வாய்பேசாதவன், காதுகேளாதவன். அவனுக்கென்று உலகிலே இருந்தது அவன் ஆற்றிலிருந்து காப்பாற்றிய ஒரு நாய். அதன் குரைப்பு சீமாட்டியின் உறக்கத்தைக் கெடுத்தது. ஒழித்துவிடக் கட்டளை பிறந்தது. காத்த கையே அதை ஆற்றில் மூழ்கடிக்கிறது. பின், அவன் எவரிடமும் விடைபெறாமல் தன் சிற்றூருக்கு நடந்துவிடுகிறான். பண்ணையடிமை முறை 1861-இல் ஒழிந்தது. உழைப்பைப் பறித்ததைக் காட்டிலும் அன்பு செலுத்தும் உரிமையைப் பறித்ததே பெருங்கொடுமை என்று அக்கதை நமக்கு உணர்த்தியது. படித்து முடித்தபோது, ஷாரிக் நம் காலின்மேல் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தது. காலை அசைக்க மனம் வரவில்லை.

நாம் அங்கிருந்தபோதே, 2018 டிசம்பர் 27-ஆம் நாள், விலங்குகளைப் பொறுப்போடு நடத்துவது பற்றிய சட்டம் அந்நாட்டிலே ஒப்பமிடப்பட்டது. வளர்ப்பு விலங்கைத் தெருவிலே கைவிடக்கூடாது. தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போடவேண்டும். கொல்லக்கூடாது என்றது சட்டம். 2023-இல் அது திருத்தப்பட்டு, தெருநாய்களை என்ன செய்வதென்ற முடிவு பெரும்பாலும் அந்தந்தப் பகுதியின் பொறுப்பிலே விடப்பட்டது. சில பகுதிகளிலே கொல்வதற்கும் வழி பிறந்தது. வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆயினும் அச்சட்டத்தின் தலைப்பிலே இருந்த ‘பொறுப்பு’ என்ற சொல் நம் நெஞ்சிலே தங்கிவிட்டது. வணங்குவது எளிது, வெறுப்பது அதனினும் எளிது. ஊசி போடுவதும், கால் கழுவுவதும், ஏட்டிலே நாள் குறிப்பதும், கைவிடாதிருப்பதும்தான் கடினம். அந்தக் கடினத்தின் பெயரே அன்பு.

2019 ஜூனில் விடைபெற்றோம். ஓடி இறங்கிய அதே படிக்கட்டில், இம்முறை ஷாரிக்கின் கழுத்துப் பட்டையைப் பிடித்தபடி மெல்ல இறங்கினோம்.

இன்று நாம் சிற்றூர்ப் பள்ளியொன்றின் ஆசிரியர். கடந்த ஆண்டு, ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையை மறைத்தபடி அமர்ந்திருந்தான். மறைத்த கையிலே கறுப்புக் கயிறு. நமக்கு நெஞ்சு நின்றுவிட்டது போலிருந்தது. “எப்போது கடித்தது?” என்றோம். “நேற்று மாலை, ஐயா” என்றான். குழாயடிக்கு அழைத்துச் சென்று, ஓடும் நீரிலே சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவினோம். காயத்திலே மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தன. கழுவும்போது மாஸ்கோவின் வாசலும் வாளியும் நினைவுக்கு வந்தன. வண்டியிலே ஏற்றி அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். அவன் வீட்டார் முதலிலே சினந்தனர். கயிற்றை நாம் அறுக்கவில்லை. அதைப் பற்றி வழக்காடவுமில்லை. அடுத்தடுத்த ஊசி நாள்களைத் தாளிலே எழுதி, அவன் பாட்டியாரின் கையிலே கொடுத்தோம். ஒருநாள்கூடத் தவறாமல் அழைத்து வந்தவர் அந்த மூதாட்டியே!

இறுதி ஊசி போட்ட நாளன்று, வண்டியின் பின்னிருந்து அவன் கேட்டான்: “ஐயா, எனக்கு ஊசி போட்டுவிட்டார்கள். அந்த நாய்க்கு யார் போடுவார்கள்?”

வண்டியை நிறுத்திவிட்டோம். பத்துத் திங்கள் பனியிலே நடந்து நாம் கற்ற பாடத்தை, பதினொரு வயதுச் சிறுவன் ஒரு நொடியிலே கேள்வியாக்கிவிட்டான்! அன்றே வகுப்பினர் கூடினர். ஊராட்சிக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் மனு எழுதினர். பிழை திருத்தியது மட்டுமே நம் பணி. இரு திங்கள் அலைந்தபின், ஊர்ப் பொதுவிடத்திலே தடுப்பூசி முகாம் நடந்தது. வீட்டு நாய்கள் வந்தன. தெருநாய்களையும் பிடித்து வந்தனர். ஊசி போடும்வரை நாயைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. பிள்ளைகள் நம்மையே பார்த்தனர்.

முன்சென்றோம். கழுத்தைப் பிடித்துக்கொண்டோம். கை சற்று நடுங்கியது. ஆனால் பிடியை விடவில்லை.